டேலி டேட்டாவை ரேன்சம்வேரிடமிருந்து காப்பாற்ற: 2 ஹார்ட் டிஸ்க், ஒரு துண்டுச் சீட்டு

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்துக் கணக்கு முழுக்க டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில், ஒரே கம்ப்யூட்டரில்தான் கிடக்கும். எந்தத் தோப்புக்காரர் எத்தனை டன் பெங்களூரா மாங்காய் இறக்கினார், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான். ஓசூர் பக்கம் ஜாப் ஒர்க் யூனிட் என்றால் டிராயிங்கும் சி.என்.சி. புரோகிராமும் சேரும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் அதைப் பூட்டிவிட்டால் பேக்கப் ஒன்றுதான் கை கொடுக்கும். விலை உயர்ந்த ஃபயர்வாலைப் பிறகு பார்க்கலாம், முதல் செலவு இதற்குத்தான்.

வாங்க வேண்டியது: 1 டி.பி. போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் 2. பென் டிரைவை நம்பாதீர்கள், பாக்கெட்டிலேயே தொலைந்துவிடும். டிஸ்கை என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்டில் வையுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது.

படி 1. வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக ரூட்டரில் 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வழி) திறந்து விட்டிருந்தால் இன்றே மூடுங்கள். திறந்த போர்ட்டைத் தேடிப் பாஸ்வேர்டை ஊகிக்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் வி.பி.என். (பூட்டிய தனி இணைய வழி) போடுங்கள்.

படி 2. எல்லா சிஸ்டத்திலும் கம்பெனியை மூடிவிட்டு, டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: தேதி, கடைசி சேல்ஸ் வவுச்சர் நம்பர், கேஷ் பேலன்ஸ். அதை டிஸ்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள். எதற்கு என்பது 4-ஆம் படியில் தெரியும்.

படி 3. டிஸ்கைக் கழற்றுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கும் இன்னொரு டிரைவ்தான், ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது. ஒரு டிஸ்க் எப்போதும் ஆபீசுக்கு வெளியே, முதலாளி வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

படி 4: மீட்டுப் பார்ப்பது. பலர் சறுக்குவது இங்கேதான். ரீஸ்டோர் திரையில் எந்த ஃபோல்டருக்கு மீட்க வேண்டும் என்ற இடத்தில், இப்போது ஓடும் டேட்டாவின் பாதையே இருக்கும். கவனிக்காமல் என்டர் தட்டினால் போன வாரக் கணக்கு இன்றைய கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் ஆபீசில் வேறு ஒரு கம்ப்யூட்டரை எடுங்கள். அதில் டி டிரைவில் 'சோதனை' என்று புது ஃபோல்டர் போட்டு, அந்தப் பாதையைக் கொடுத்து மீட்டெடுங்கள். அதிலும் அதே டேலி வெர்ஷன் இருக்க வேண்டும், பழைய வெர்ஷன் புது டேட்டாவைத் திறக்காது.

இனி சீட்டை எடுத்து ஒப்பிடுங்கள். வவுச்சர் நம்பரும் கேஷ் பேலன்சும் அப்படியே ஒத்துப்போனால்தான் அது பேக்கப். மாதம் ஒருமுறை, சீசனில் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். டேலி வால்ட் (டேலி டேட்டாவுக்கான பாஸ்வேர்டு பூட்டு) போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டை எழுதி பீரோவிலேயே வையுங்கள். மறந்தால் மீட்க வழியே கிடையாது.

பின்சேர்க்கை 1: "கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே, போதாதா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. இங்கே ஃபைல் பூட்டப்பட்டால் பூட்டிய ஃபைல்தான் அங்கேயும் ஏறும். பழைய பிரதிகள் பொதுவாக 30 நாள்தான் நிற்கும். மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 2: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. டேலி ஓடும் கம்ப்யூட்டரை முதலில் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 3: பூட்டியே விட்டால்? லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். திரையில் வந்த மிரட்டல் செய்தியைப் போனில் படம் எடுங்கள். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி கம்பெனிகள் 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். பணமும் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்கை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் செருகிவிடாதீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு முடித்த பிறகுதான் டிஸ்க் பீரோவை விட்டு வர வேண்டும்.