ஹோலோடெட்ஸ் ஏன் உறையவில்லை?

இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த தட்டைக் காலையில் லேசாகச் சாய்த்தால், உள்ளே இருப்பது சூப்பு போல ஓடுகிறது. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் புத்தாண்டு விருந்துக்கு ஹோலோடெட்ஸ் செய்கிறவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். இறைச்சியை அது வெந்த சாற்றிலேயே உறையவைத்து, துண்டு போட்டுப் பரிமாறும் பதார்த்தம் இது. 'ஹோலோட்' என்றால் குளிர். பெயர் அதிலிருந்தே வந்தது. உறையாவிட்டால் பழி ஃபிரிட்ஜின் மேல் விழுகிறது. பெரும்பாலும் தவறு கறிக்கடையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

வெறும் சதைக்கறி எத்தனை கிலோ வாங்கினாலும் உறையாது. தோல், தசைநார், மூட்டு ஆகியவற்றில் உள்ள கொலாஜன்தான் மெல்ல வெந்து ஜெலட்டினாக மாறிச் சாற்றைக் கட்டுகிறது. நம் வீட்டு ஆட்டுக்கால் பாயா மறுநாள் ஃபிரிட்ஜில் கட்டியாகி நிற்பதும் இதனால்தான். ஆகவே பன்றிக்கால் முதலில், சதைக்கறி பிறகு. பன்றி வேண்டாதவர்கள் மாட்டுக்காலும் முற்றிய சேவலும் சேர்க்கலாம். கால்களைச் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சுரண்டிக் கழுவுங்கள். முதல் கொதி நீரைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது தீ. அவசரத்தில் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிக் கலந்து சாறு பால்போலக் கலங்கிவிடும். பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி, 6 முதல் 8 மணி நேரம் விட வேண்டும். இறைச்சிக்கு மேல் மூன்று விரற்கடை உயரம் தொடக்கத்திலேயே நீர் ஊற்றிவிடுங்கள். நடுவில் நீர் சேர்ப்பது உறையும் வலுவைக் குறைக்கும்.

பதம் பார்க்காமல் அடுப்பை அணைக்காதீர்கள். ஒரு கரண்டிச் சாற்றை ஆறவைத்து இரண்டு விரல்களில் தொட்டு ஒட்டிப் பிரியுங்கள். தோல் இழுபட்டு, பிசின் தடவியதுபோல் விரல்கள் பிரிய மறுத்தால் சரி. சந்தேகம் இருந்தால் சிறு தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். உறையவில்லையா? சதையை எடுத்துவிட்டு எலும்புகளை இன்னும் கொதிக்கவிடுங்கள். கடை ஜெலட்டின் பொடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவு சற்று மிஞ்சினாலும் ரப்பர்போல ஆகிவிடும். வாயில் வைத்ததும் கரைகிற அந்தச் சுகமே போய்விடும்.

உப்பைக் கடைசியில் போடுங்கள். சாறு சுண்டும்போது உப்பும் ஏறும். ஆனால் குளிர்ந்த உணவில் உப்பு குறைவாகத் தெரியும் என்பதால், சூடான சாறு நாக்குக்குக் கொஞ்சம் கரிக்கவே வேண்டும். நசுக்கிய பூண்டு, தீயை அணைத்த பிறகுதான்.

சதையைக் கையாலேயே பிய்த்துப் போடுங்கள். எலும்புச் சில்லு விரலுக்குத்தான் தெரியும். சாற்றைத் துணியில் வடிகட்டி ஊற்றி, சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுவதும் சமையல் மேடையில் விட்டுவைத்தால் கெட்டுவிடும். சீக்கிரம் உறையட்டும் என்று ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். பனிப்படிகங்கள் உறைந்த சாற்றின் கட்டமைப்பை உடைக்கும், உருகும்போது நீர் பிரியும். மேலே படியும் வெள்ளைக் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிடுங்கள். எல்லோரும் அமர்ந்த பிறகே தட்டை வெளியே எடுத்து, காரமான கடுகு விழுதோடு வையுங்கள். நம் ஊர் வெயிலில் அது நெடுநேரம் நிற்காது.