கிளிநொச்சிக்குக் குழந்தை பார்க்க வருகிறவர்களுக்கு

கனடா, லண்டன் பக்கமிருந்து எங்கள் பகல் பராமரிப்பு நிலையத்துக்குப் பயிற்சிக்கு வர விரும்பும் பிள்ளைகளே, முதலில் விசா. சுற்றுலா விசாவில் இலங்கையில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்ய முடியாது. “அதை யார் பார்க்கப் போகிறார்கள்” என்று கொழும்பு மாமா சொல்வார், கேட்காதீர்கள். உங்கள் நாட்டுப் பொலிஸ் நற்சான்றையும் எடுத்து வாருங்கள். அது இல்லாமல் ஒரு குழந்தையையும் உங்கள் கையில் தரமாட்டேன்.

ஓகஸ்டில் வெயில் மண்டையைப் பிளக்கும். மாரியில் மழையும் நுளம்பும். ஆனாலும் ஆள் தேவைப்படுவது மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போக நெல் விதைப்புக் காலத்தில்தான். வயலுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் தாய்மார் விடியவே போய்விடுவார்கள்.

காலை நேரம்தான் பெரிய சோதனை. தாயின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பறிக்காதீர்கள். சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து, சிரட்டையில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருங்கள். அழுகை விக்கலாகும், பிறகு பிள்ளை தானாக இறங்கி வந்து உங்கள் சிரட்டையைப் பிடுங்கும். அப்போது தாய் புறப்படலாம். ஒளித்துப் போகக்கூடாது, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மறுநாள் அழுகை குறைவதும் கூடுவதும் அதில்தான் இருக்கிறது.

ஏணையில் குழந்தையைப் படுக்க வைக்குமுன் கயிற்றை இழுத்துப் பாருங்கள். சின்னதுகளுக்கு அவித்த கடலையை மசித்தே கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

சொக்கலேட் பெட்டி வேண்டாம், எறும்புதான் தின்னும். சவர்க்காரமும் சின்னக் காற்சட்டைகளும் கொண்டுவாருங்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போட்டால், அன்றைக்கே கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.