வசனம் கேட்கவில்லையா? பிளேயரைக் குறை சொல்லும் முன் மெனுவைப் பாருங்கள்

பாட்டும் சண்டையும் வீட்டையே அதிர வைக்கும். வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். டிவிடி பிளேயர் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. டிஸ்க் சரியில்லை, பிளேயர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும்.

5.1 என்றால் ஆறு சேனல். முன்பக்கம் இடது, நடு, வலது. பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு. ஆறாவது, அடித்தொனிக்கு மட்டும். அந்தப் புள்ளி ஒன்று இதைத்தான் குறிக்கிறது. வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில் இருக்கும். பிளேயரின் ஸ்பீக்கர் மெனுவில் 5.1 என்று வைத்துவிட்டு, சிவப்பு, வெள்ளை வயர் இரண்டை மட்டும் டிவியில் செருகினால் நடுச் சேனல் வெளியே வர வழியே இல்லை. அதே மெனுவில் டவுன்மிக்ஸ், ஸ்டீரியோ, 2 சேனல் என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆறும் இரண்டாகக் கலந்து வரும், வசனமும் திரும்பிவிடும். இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்கள் நைட் மோட் அல்லது டிஆர்சி என்பதையும் போட்டுக்கொள்ளலாம். உரத்த சத்தத்தையும் மெல்லிய சத்தத்தையும் அது ஓரளவு சமன் செய்யும். பகலில் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இசையின் ஏற்ற இறக்கம் பாழாகிவிடும்.

அட்டையில் 5.1 என்று போட்டிருப்பதால் படமே அப்படித்தான் பதிவானது என்று நினைப்பதும் தவறு. மோனோவில், அதாவது ஒரே சேனலில் வந்த பழைய படங்களையும் பின்னாளில் ஆறு சேனலாகப் பிரித்து விற்றார்கள். டிஸ்க்கில் மூல மோனோ தடமும் இருந்தால் ஆடியோ மெனுவில் அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய பாடல்களுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

அடுத்து, பலரும் குழம்பும் இடம்: பிட்ஸ்ட்ரீமா, பிசிஎம்மா? பிட்ஸ்ட்ரீம் என்றால், டிஸ்க்கில் உள்ள டால்பி அல்லது டிடிஎஸ் ஒலியைப் பிளேயர் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. பிசிஎம் என்றால் பிளேயரே பிரித்து அனுப்புகிறது. பிசிஎம் தரம் குறைந்தது என்று சொல்வார்கள்; அதில் உண்மையில்லை. எச்டிஎம்ஐ வயரில் போகும்போது இரண்டிலும் வரும் ஒலி ஒன்றுதான். விதிவிலக்கு டால்பி அட்மாஸ். பிசிஎம் வைத்தால் தலைக்கு மேலே கேட்க வேண்டிய ஒலிக்கான தகவல் காணாமல் போய்விடும்.

ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் வயர் கதை வேறு. அதில் பிசிஎம் என்றால் இரண்டு சேனல் மட்டுமே போகும். 5.1 வேண்டுமானால் பிட்ஸ்ட்ரீம் வைத்தே ஆக வேண்டும். ப்ளூரேயில் வரும் உயர்தர ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டையும் ஆப்டிகல் தாங்காது. எச்டிஎம்ஐ கட்டாயம். ப்ளூரே பிளேயரில் இன்னொரு கண்ணி உண்டு: செகண்டரி ஆடியோ அல்லது பிடி ஆடியோ மிக்ஸ் (BD Audio Mix) என்று ஒரு தேர்வு. அது ஆனில் இருந்தால் மெனு சத்தங்களையும் கலப்பதற்காகப் பிளேயர் ஒலியை மறுபடி சுருக்கி அனுப்பும். ஆம்ப்ளிஃபயரில் வெறும் டால்பி டிஜிட்டல் என்று எரிந்தால் முதலில் இதை ஆஃப் செய்து பாருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். '1080பி அப்ஸ்கேலிங்' என்று பெட்டியில் போட்டிருந்தால் டிவிடி எச்டி ஆகிவிடாது. டிவி ஒளிபரப்பு முறைகளில் ஒன்றான பால் (PAL) முறை டிவிடியில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) 720×576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 1080பி திரையில் 20 லட்சத்துக்கும் மேல். மீதியெல்லாம் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்புவது. மஞ்சள் வயரில் அந்த அப்ஸ்கேலிங்கும் வராது. அதில் எப்போதும் சாதாரண இன்டர்லேஸ்டு படம்தான், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளை அனுப்பும் படம்.

முகங்கள் பருத்தோ ஒடுங்கியோ தெரிந்தால் 'டிவி டைப்' என்பதைப் பாருங்கள். அகலத் திரை டிவி வைத்துக்கொண்டு அதில் 4:3 என்றே விட்டிருப்பார்கள். 4:3 லெட்டர்பாக்ஸ் வைத்தால், கறுப்புப் பட்டைக்கு இடம் விடுவதற்காகப் பிளேயர் 576 வரியை 432 ஆகக் குறைக்கிறது; அந்தக் குறைந்த படத்தை டிவி மறுபடி இழுக்கிறது. 16:9 என்று மாற்றினால் தெளிவே கூடும். அதன் பிறகும் சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். அது பிழையில்லை, 2.35:1 படத்தின் வடிவம் அது. ஸூம் அழுத்தினால் ஏறக்குறைய கால்வாசிப் படம் பக்கவாட்டில் போய்விடும். குழு நடனத்தில் ஓரத்தில் ஆடுகிறவர்களை வெட்டிவிட்டுப் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

பால், என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகள் விஷயத்தில் பாட்டுப் பிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. திரைப்படம் நொடிக்கு 24 சட்டம், பால் 25. அதனால் பால் டிவிடிகளில் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் சுருதியும் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும். கேசட்டில் கேட்ட பாட்டு டிவிடியில் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் ஒலித்தால் பாடகர் மாறவில்லை, வேகம்தான் மாறியிருக்கிறது. 24 சட்டத்திலேயே பதிந்த ப்ளூரேயில் இந்தச் சிக்கல் இல்லை.

இந்தப் பால், என்டிஎஸ்சியை ரீஜன் கோடுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரீஜன் என்பது எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்ற பூட்டு. டிவிடிக்கு இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, கனடா 1. ப்ளூரேக்கு இந்தியாவும் இலங்கையும் சி, சிங்கப்பூர் ஏ, பிரிட்டன் பி. 4கே யுஎச்டி ப்ளூரேயில் ரீஜன் பூட்டு கிடையாது. உறவினர் வெளிநாட்டிலிருந்து டிஸ்க் அனுப்புவதாக இருந்தால் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஆல்' அல்லது 0 என்றால் ரீஜன் பற்றிக் கவலையில்லை. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜனை மாற்றச் சொல்லிக் கேட்டால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பெரும்பாலான டிரைவ்களில் ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதாக வைத்த ரீஜனே அப்புறம் நிலைத்துவிடும்.