ஒட்சியேற்ற எண்: பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடங்கள்

புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலை எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் பலர் கையில் அள்ளிப் பார்த்திருப்பார்கள். அதில் நிறைய இருப்பது இல்மனைற்: ஒரு இரும்பு, ஒரு தைத்தேனியம், மூன்று ஒட்சிசன். ஒட்சியேற்ற எண் பாடத்தை நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். சேர்வையில் ஒரு அணு எத்தனை இலத்திரனை இழந்ததாக (+) அல்லது பெற்றதாக (−) கணக்கிடுகிறோம் என்பதே அந்த எண்; சேர்வையில் எல்லாவற்றையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும்.

ஒட்சிசன் ஒன்றுக்கு வழக்கமாக −2, மூன்றுக்கும் சேர்த்து −6. மிச்சம் +6 ஐ இரண்டு உலோகங்களும் பங்கிட வேண்டும். உடனே "இரண்டுக்கும் +3" என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டினால் பூச்சியம் வருகிறது, ஆனாலும் விடை பிழை. இரும்புக்கு +2, தைத்தேனியத்துக்கு +4. எண் மாறக்கூடிய இரண்டு உலோகங்கள் ஒரே சேர்வையில் இருந்தால் கூட்டல் மட்டும் கைகொடுக்காது. மூலகத்தின் இயல்பும் தெரிய வேண்டும். தைத்தேனியத்தின் மிக உறுதியான நிலை, வெளியே உள்ள நான்கு இலத்திரன்களும் போன +4 தான்.

மின்னேற்றம் கொண்ட அயன்களில் வேறு சிக்கல்: கூட்டினால் அந்த ஏற்றம்தான் வர வேண்டும், பூச்சியம் அல்ல. இருகுரோமேற்று அயனில் இரண்டு குரோமியம், ஏழு ஒட்சிசன், ஏற்றம் −2. ஏற்றத்தை மறந்து பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் +7 வரும். ஏற்றத்தைக் கவனித்தும் இரண்டால் பிரிக்காவிட்டால் +12. சரியான விடை +6.

ஒட்சிசன் எப்போதும் −2 என்றும் நம்பிவிடாதீர்கள். ஐதரசன் பேரொட்சைட்டில் அது −1. சோடியம் ஐதரைட்டில் ஐதரசனும் −1 தான்.

அதிகம் குழம்புவது பெயர்களில். இலத்திரனை இழப்பது ஒட்சியேற்றம், பெறுவது தாழ்த்தல். துறைமுகத்தில் இரும்புக் கப்பல்களின் அடிப்பக்கம் நாகக் (துத்தநாகக்) கட்டி பொருத்துவார்கள். கடல்நீரில் நாகம் இலத்திரனை இழந்து கரைகிறது, இரும்பு தப்புகிறது. நாகம் ஒட்சியேறுகிறது, ஆகவே அது ஒட்சியேற்றும் கருவி என்று எழுதுவார்கள். இல்லை பிள்ளைகளே, அது தாழ்த்தும் கருவி. தான் இழந்த இலத்திரனால் மற்றதைத் தாழ்த்துகிறது. இங்கே தாழ்த்தப்படுவது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன். "யாருக்கு நடக்கிறது, யார் செய்கிறது" என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் சமப்படுத்தல். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் செப்புக் கம்பியை இட்டால் வெள்ளி படியும். ஒரு செப்பு, ஒரு வெள்ளி அயன் என்று எழுதினால் அணுக்கள் சமமாகத்தான் தெரியும். ஆனால் இடப்பக்கம் ஏற்றம் +1, வலப்பக்கம் +2. செப்பு இரண்டு இலத்திரன் கொடுக்கிறது, வெள்ளி அயன் ஒன்றைத்தான் வாங்கும். ஒரு செப்புக்கு இரண்டு வெள்ளி அயன் எழுதுங்கள்; இரண்டு பக்கமும் +2 ஆகிவிடும்.