முதலிடக் கையோடு தோற்ற ஆட்டம்

சிறு தொகைப் பாட்-லிமிட் ஒமாஹா: ஆளுக்கு நான்கு சீட்டு தரும் போக்கர்; அதில் சரியாக இரண்டையும் பொதுச் சீட்டில் மூன்றையும் சேர்த்துக் கை அமைக்க வேண்டும். என் கையில் கிங், குயின், நான்கு, மூன்று. ஆர்ட்டின் ஒன்றுகூட இல்லை. ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஜாக், பத்து இரண்டும் ஆர்ட்டின், கூடவே ஸ்பேடு ஒன்பது. அந்நேரத்துக்கு என் ஸ்ட்ரெயிட்டை (வரிசையாக ஐந்து சீட்டு) மிஞ்ச எதுவுமில்லை. இருந்த காசெல்லாம் உள்ளே போனது. எதிராளியிடமும் அதே கிங்-குயின், ஆனால் துணைக்கு ஆர்ட்டின் எட்டும் ஏழும். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) ஆர்ட்டின் விழுந்தது; ஐந்து ஆர்ட்டின் சேர்ந்த அவர் ஃபிளஷ் என் ஸ்ட்ரெயிட்டை வென்றது.

துரதிர்ஷ்டமா? கணக்குப் போட்டேன். இருவர் கையும் ஃபிளாப்பும் போக மீதி 41 சீட்டில் 9 ஆர்ட்டின். இன்னும் வரும் இரண்டு சீட்டில் ஒன்றாவது ஆர்ட்டினாக வர ஏறக்குறைய 39.5%. வராவிட்டால் பாட் (நடுவில் சேர்ந்த பணம்) பாதிப் பாதி. நான் முழுதாக ஜெயிக்க வழியே இல்லை. ஆக என் பங்கு 30% சொச்சம்தான்!

இப்போது துணை டிரா (இன்னும் பெரிய கையாக மாறும் வாய்ப்பு) இல்லாத ஸ்ட்ரெயிட்டுக்கு, ஸ்டாக் (முன்னால் உள்ள காசு) பெரிதென்றால், கால் (எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது) மட்டும். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) பாதுகாப்பாக வந்தால்தான் ரெய்ஸ் (கூட்டிக் கட்டுவது). நான்கு-மூன்று ஒட்டிய கிங்-குயினை ஃபிளாப்புக்கு முன்பே மடித்துவிடுகிறேன்.