மழைக்காலக் கையிருப்பில் சமைக்கும்போது செய்யும் தவறுகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையை அடுத்த முடிச்சூரில் முதல் மாடி வீட்டில் நான்கு நாள் அடைபட்டுக் கிடந்தோம். கீழே இடுப்பளவு தண்ணீர். வீட்டில் 20 கிலோ அரிசி இருந்தது. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் டப்பா டப்பாவாக இருந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால் குடிதண்ணீர் அரை கேன்தான் மிச்சம். மூன்றாம் நாள் காலையில் சிலிண்டரும் தீர்ந்தது. அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளைகள் பிஸ்கட் தின்றார்கள். அந்தக் காட்சி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வெள்ள நாட்களில் முதலில் தீர்வது தண்ணீர், அடுத்தது எரிவாயு. அரிசி கடைசிவரை இருக்கும். ஆனால் புயல் அறிவிப்பு வந்தால் நாம் ஓடிப்போய் வாங்குவது அரிசியும் பருப்பும்தான். எத்தனை கிலோ இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறோமே தவிர, அதைச் சமைக்க எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை நிமிடத் தீ வேண்டும் என்று பார்ப்பதில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

பருப்பைத் தேர்ந்தெடுப்பதில்

கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் நெடுநேரம் வேகவைக்க வேண்டும். சாதாரண நாளில் இது ஒரு பொருட்டில்லை. கேனில் நாலு லிட்டர் மட்டும் இருக்கும் நாளில் அது பெரிய செலவு. ராஜ்மாவில் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு. கேஸை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரைவேக்காட்டில் இறக்கினால், அதிலுள்ள இயற்கையான நச்சு அழியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறிய ராஜ்மா குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்து, பிறகு நன்றாக வேக வேண்டும். கழிப்பறைக்கே தண்ணீர் இல்லாத வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

மழைக்காலக் கையிருப்புக்கு என்னைக் கேட்டால் பாசிப்பருப்புதான். ஊறவைக்காமலே சீக்கிரம் வெந்துவிடும், அரை மணி நேரம் ஊறினால் இன்னும் சீக்கிரம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர், மிளகு, சீரகம், உப்பு. எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்காமல், ஒரு பழைய போர்வையால் குக்கரைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மீதி குழைந்துவிடும். ஆவி அடங்குவதற்குள் மூடியைப் பிடுங்குவதுதான் எல்லோரும் செய்வது. அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கியது.

பருப்பின் வயதையும் கவனியுங்கள். போன வருஷத்து மழைக்கு வாங்கிய துவரம்பருப்பு, சூட்டிலும் ஈரக்காற்றிலும் கிடந்து கெட்டிப்பட்டிருக்கும். எத்தனை விசில் விட்டாலும் மையாது. பருப்பு வேகுமுன் புளியோ தக்காளியோ சேர்த்தாலும் அப்படித்தான், புளிப்பு பருப்பை வேகவிடாது. பழைய பருப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள்.

தண்ணீர்

சோறு வடிப்பதை அந்த நாட்களில் மறந்துவிட வேண்டும். மூன்று தரம் அரிசி களைந்து, உலை வைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டுவது கையிலிருக்கும் நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடுவதற்குச் சமம். கை பழக்கத்தில் வடித்துவிட்டீர்கள் என்றால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள். தட்டு கழுவவும் தண்ணீர் வேண்டும் என்பதால் எங்கள் மழைக்காலச் சேமிப்பு டப்பாவில் பாக்குமட்டைத் தட்டு ஒரு கட்டு எப்போதும் இருக்கும்.

கருவாடு, உப்பு நார்த்தங்காய், வடுமாங்காய், உப்பு மிளகாய் எல்லாம் கெடாது என்று சேர்த்து வைப்போம். நல்லதுதான். ஆனால் கருவாட்டை அலச நிறையத் தண்ணீர் வேண்டும், தின்றால் தாகமும் எடுக்கும். ஊறுகாய் ஒரு கீற்றுப் போதும்.

இதைவிடப் பெரிய தவறு சம்ப் தண்ணீரை நம்புவது. வெள்ளம் தரைத்தொட்டிக்குள் இறங்கினால் சாக்கடையும் கூடவே இறங்கியிருக்கும். பார்வைக்குத் தெளிவாக இருப்பதால் அரிசி களையவும் அவல் நனைக்கவும் அதையே மொண்டுவிடுகிறோம். தெளியவைத்து, துணியை நாலாக மடித்து வடிகட்டி, கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டால் கிருமிகள் செத்துவிடும். எண்ணெயோ ரசாயனமோ கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் வீடுகளுக்குள் வந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரைச் சமையலுக்குத் தொடவே கூடாது.

அடுப்பே இல்லாதபோது கைகொடுப்பது அவல். கெட்டி அவலைப் புளித்தண்ணீரில் உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கால் மணி நேரம் ஊறவைத்து, பருப்புப் பொடி தூவி ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் புளி அவல் தயார். வெல்லம் சேர்த்தால் பிள்ளைகளும் சாப்பிடும். அடுப்பில் ஏறாத உணவு என்பதால் இதற்கு ஊற்றுகிற தண்ணீர் கேன் தண்ணீராகவோ கொதித்து ஆறியதாகவோதான் இருக்க வேண்டும்.

முதலில் எதைச் சமைப்பது

கரண்ட் போனதும் சேமிப்பு டப்பாவைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இருப்பதுதான் முதலில் தீர வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் வரை குளிர்ச்சி காக்கும். பாலைக் காய்ச்சுங்கள், இட்லி மாவை அன்றே ஊற்றிவிடுங்கள், மீனும் கறியும் இருந்தால் அன்றைக்கே குழம்பாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். அப்புறம் காய்கள். டப்பாவின் முறை அதற்கும் பிறகுதான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்து டப்பாவை முதல் நாளே காலி செய்வது சரியில்லை.

கேஸ் மிச்சமாகட்டும் என்று காலையிலேயே பெரிய பானையில் சோறாக்கி ராத்திரி வரை வைத்துச் சாப்பிடுகிறோம். சமைத்த உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெந்த பிறகும் சாகாத ஒரு வகைக் கிருமி சோற்றில் உண்டு. அறைச்சூட்டில் கிடக்கும்போது அது பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அந்தந்த வேளைக்கு அளவாகச் சமைப்பதே மேல். ஒருவேளை சோறு மீந்துவிட்டால், அது சூடாக இருக்கும்போதே புளிக்காய்ச்சலைப் பிசைந்துவிடுங்கள். புளிப்பும் எண்ணெயும் கெடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். கட்டுச்சோறு கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதையும் அன்றைக்குள் முடித்துவிட வேண்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பால்பவுடரை ஆறிய தண்ணீரில் கலக்கக் கூடாது. பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. கொதித்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலுள்ள தண்ணீரில் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். மீந்ததை எடுத்து வைக்காதீர்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் எக்காரணத்தாலும் அதை நிறுத்த வேண்டாம்.

அடுப்பு

இண்டக்‌ஷன் அடுப்பை நம்பிப் பயனில்லை. சிலிண்டர் தீர்ந்ததும் குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு, மழைக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பற்றவைப்பது உயிரைக் குடிக்கும் தவறு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம், பிறகு எழ முடியாது. கரியடுப்பு மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோதான் இருக்க வேண்டும். தீப்பெட்டிகளை மூடி இறுகிய பாட்டிலில் போட்டு வையுங்கள், மழைக்காற்றில் நமுத்துப்போன குச்சி பற்றாது.

வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்த அரிசியையும் மாவையும் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. வெள்ளநீர் தொட்ட பாக்கெட்டையும் திருகுமூடி பாட்டிலையும் மனசில்லாமல்தான் வெளியே போட வேண்டியிருக்கும். உப்பிய தகர டின்னையும் அப்படியே.

எங்கள் டப்பா இப்போது ஐப்பசியில் பரணில் ஏறுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுகிறோம். வறுத்த ரவையில் வண்டு வராமல் காய்ந்த மிளகாய் நாலு கிள்ளிப் போடுகிறோம். தை பிறந்ததும் இறக்கி, மிச்சமிருக்கும் பாசிப்பருப்பும் வெல்லமும் அந்த வருஷத்துப் பொங்கல் பானைக்குப் போய்விடுகின்றன.