ஸ்கேனில் தெரிகிறது, செர்வோ அசையவில்லை: பிசிஏ9685 அனுபவம்

மன்னார்குடியில் அக்கா மகனுக்காக வாய்க்கால் மதகு மாடல் ஒன்று செய்தோம். கதவைத் தூக்க சின்ன செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்), மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் போர்டு, செர்வோவுக்குப் பல்ஸ் அனுப்பும் பிசிஏ9685 சிப் வைத்த ரோபோ போர்டு. நிரல் மைக்ரோபைத்தானில். ஐ2சி ஸ்கேன் செய்தால் (மைக்ரோபிட்டோடு இரு கம்பியில் பேசும் சிப்கள் எவை என்று தேடினால்) ஹெக்ஸ் 40 என்று சிப்பின் முகவரி ஒழுங்காக வருகிறது. செர்வோ மட்டும் அசையவில்லை.

"போர்டு போச்சா மாமா?"

போகவில்லை. கரண்ட் கொடுத்ததும் இந்தச் சிப் தூக்க நிலையில்தான் இருக்கும்: மோட்1 என்ற ரிஜிஸ்டரில் (சிப்புக்குள் அமைப்புகளை வைக்கும் இடம்) ஸ்லீப் பிட் 1. போர்டோடு வந்த மாதிரி நிரல் அதை எழுப்பவே இல்லை! பல்ஸ் வேகத்தை முடிவு செய்யும் பிரீஸ்கேல் எண்ணைத் தூக்கத்தில்தான் மாற்ற முடியும் என்பதால் வரிசை முக்கியம். முதலில் பிரீஸ்கேலில் 121 எழுத வேண்டும் (சிப்பின் கடிகார வேகமான 25 மெகாஹெர்ட்ஸை, ஒரு சுற்றின் படிகளான 4096ஆலும் வினாடிக்கு வேண்டிய பல்ஸ்களான 50ஆலும் வகுத்து 1 கழித்தது). பிறகு ஸ்லீப் பிட்டை 0 ஆக்கி, அந்தக் கடிகாரம் (ஆஸிலேட்டர்) நிலைக்கு வர 500 மைக்ரோவினாடி விட வேண்டும். நான் தாராளமாக 5 மில்லிவினாடி விட்டேன். செர்வோ நடுவில் நிற்க 1.5 மில்லிவினாடி பல்ஸ், அதாவது 20 மில்லிவினாடிச் சுற்றின் 4096 படிகளில் 307.

கதவு ஏறியது. ஜூன் 12, மேட்டூர் திறப்பு என்றெல்லாம் நாங்கள் காத்திருக்கவில்லை. ஆனால் ஏறும்போதெல்லாம் மைக்ரோபிட் ரீசெட் ஆனது. செர்வோ இழுக்கும் கரண்டில் வோல்டேஜ் சரிகிறது. செர்வோவுக்குத் தனியாக 4 ஏஏ பேட்டரி கொடுத்து, கிரவுண்டை மட்டும் சேர்த்துக் கட்டியதும் ரீசெட் ஆவது நின்றது.